சுவரில் ஸ்பூன் சத்தம்

மேலூரில் நடக்கும் உபவாச ஜெபத்துக்குக் கிளம்பிய ஜெயசீலி, பரவை மார்க்கெட்டிலிருந்து கணவன் வருவதற்குள் சபைக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

"என்னங்க, உங்களுக்கு இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. அடுப்புல இருக்க கஞ்சி பக்கத்து வீட்டுக்கு."

பேனா நின்றது. போன மாதம் வரை அந்த வீட்டில் தனியாக இருந்தவர் கோயில்பிள்ளை சார். காலை எட்டு மணிக்கு ஸ்பூனால் சுவரை இரண்டு தரம் தட்டுவார். அவள் கஞ்சி கொண்டுபோவாள். ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் என்று அடுப்பையே பற்றவைக்கவில்லை. அவர் தட்டியது காதில் விழுந்தும் பஸ்ஸுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது சுவரோரம் இறந்துகிடந்தார், கையில் ஸ்பூனோடு.

"நாலு மணி நேரம் முழங்கால்ல நிக்கிறவளுக்கு நாலு எட்டு நடக்க முடியலயா?" என்று அன்று கணவன் கேட்டான்.

மறுபடி எழுதினாள்.

"எட்டு மணிக்கு இந்த வீட்டுல இருக்கப் பயமா இருக்கு, அதான் ஏழுக்கே போறேன். கஞ்சி, புதுசா குடிவந்த அக்காவுக்கு. கால்ல கட்டு, எந்திரிக்க முடியாது. அவங்க வீட்டுச் சாவி ஆணியில தொங்குது."

அடியில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"சுவரத் தட்டணும்னு அந்தக்காகிட்ட நான் சொல்லவே இல்ல. ஆனாலும் எட்டு மணிக்குச் சத்தம் கேக்கும். யாருன்னு யோசிக்காம கஞ்சிய எடுத்துட்டுப் போயிருங்க."