எஞ்சினுக்குப் பின்னால் ஒரு முடிச்சு

சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல்களிலிருந்து எஞ்சின் எண்ணெய் வாசம் போகவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு எழுதுகிறேன். நம் பழைய கார் இந்த வாரம் மறுபடி படுத்துவிட்டது. அதே சென்சார்தான். எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்கிற, சுண்டுவிரல் அளவுச் சாமான்; எஞ்சினுக்குப் பின்னால் கை எட்டாத பொந்தில் ஒளிந்திருக்கிறதே, அதுவேதான். "இனி பழைய இரும்புக்குத்தான்ப்பா" என்றாள் மகள். நீ ஓட்டிய வண்டி. எனக்கு மனசு வரவில்லை.

முதல் தடவை அது கெட்டபோது மட்டாஞ்சேரி ஒர்க்‌ஷாப்பில் நீ செய்ததை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மறுநாள் பாலக்காட்டில் உன் தம்பி கல்யாணம். மெக்கானிக் சேட்டன் கையை விட்டுப் பார்த்து, தோலை உரித்துக்கொண்டு, "பற்றில்ல சேச்சி, கை போகாது. எஞ்சினை இறக்கணும், ரெண்டு நாளாகும்" என்றார். பிரசவ வார்டு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்த நீ, வளையல்களைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாய். "யாரும் மிண்டாதீங்க" என்று எங்கள் வாயை அடைத்துவிட்டு, முழங்கை மறையக் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

"கிட்டிச்சு!"

பழையதை எடுத்துவிட்டுப் புதியதோடு மறுபடி கையை விட்டாய். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கறத பாத்துட்டா பிரசவம் பாக்கறோம்?" என்று சிரித்தாய். அந்தக் கை போட்ட சோற்றைத் தினமும் சாப்பிட்டவன், அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

இன்று உன் கை இல்லை. எஞ்சினை இறக்கத்தான் வேண்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்த அதே சேட்டன், "இங்க வாங்க" என்றார். சென்சாரின் வயர், சூடான புகைக்குழாயில் படாதபடி விலக்கி, வெள்ளை நாடாவால் கட்டப்பட்டிருந்தது. தொப்புள்கொடி கட்ட என்று உன் கைப்பையில் எப்போதும் கிடக்குமே, அந்த நாடா. ஒரு கைக்கே இடமில்லாத பொந்தில், பார்க்காமல், ஒற்றைக் கையால்!

"நான் பக்கத்துலதானே நின்னேன், கண்டில்லல்லோ!" என்றார் சேட்டன். "இது இல்லேன்னா வயர் உருகித் தீப்பிடிச்சிருக்கும்."

பின்சீட்டில் மகளைத் தூங்கவைத்துக்கொண்டு எத்தனை ஊர் போயிருக்கிறோம்! அத்தனையும் அந்த முடிச்சின் தயவில். நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கூட வந்திருந்த மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வண்டி இருக்கட்டும்ப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் ஆகாதபடி, சொல்லாமல், இன்னும் எதையெல்லாம் கட்டி வைத்துவிட்டுப் போனாயோ.