அவரேகாய் விளக்கும் என் கண்ணும்

டிசம்பர் 3, புதன்

இருபத்து நான்கு வருடம் ஃபேக்டரிக் கூரைகளுக்கு வெள்ளை விளக்கு டிசைன் வரைந்தவனிடம் அலங்கார விளக்கு கேட்டிருக்கிறார்கள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ப்ரஹ்லாத் என்பவர் ஹோட்டல் திறக்கிறார். இந்த ஊர்ச் சமையல் மட்டும். நடு மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு ஏதாவது ஒரு காய் மாதிரி இருக்க வேண்டுமாம். அவரேகாய், அதாவது மொச்சைக்காய், சீசனாயிற்றே, அதையே செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது - அவரேகாய் பச்சை.

கம்பெனியை விட்ட பிறகு வந்த முதல் வேலை. இதில் சொதப்பினால் ஐம்பது வயதில் மறுபடி பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

டிசம்பர் 4

எனக்கு நிறக்குருடு. பச்சை, பழுப்பு, சிவப்பு எல்லாம் ஒரே குடும்பம். சஹானாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் வாங்கிய சட்டையிலேயே அவளிடம் மாட்டிக்கொண்டேன். தொழிலில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளை விளக்கிலும் பல வெள்ளை உண்டு, ஆனால் அதெல்லாம் டப்பாவில் எண்ணாக அச்சிட்டிருக்கும்.

டிசம்பர் 9

அரை கிலோ காய் வாங்கி மேஜையில் பரப்பி, நாள் முழுக்கப் பார்த்தேன். ஒன்றுகூட நேராக இல்லையே, ஏன்? விதை இருக்கும் இடத்தில் தோல் புடைப்பது சரி. இரண்டு விதைக்கு நடுவே ஏன் இப்படி இறுகுகிறது? நுனியில் ஒரு சின்னக் கொக்கி - எதைப் பிடிக்க? கையெல்லாம் காய்த்தோலின் எண்ணெய் வாசனை. கழுவ மனசு வரவில்லை.

டிசம்பர் 15

அடுகோடியில் ரெமிஜியஸின் பட்டறைக்குப் போனேன். சர்ச் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர். ஐந்து பச்சைத் துண்டு காட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது போட்டோ எடுத்து சஹானாவுக்கு அனுப்பினேன். மூன்றாவது, பிஞ்சுக் காய் மாதிரி இருக்கிறது என்று பதில் வந்தது. தாடையைத் தடவி யோசிப்பதுபோல் நடித்துவிட்டு மூன்றாவதைத் தொட்டேன். ரங்கா சாருக்கு நல்ல கண்ணு என்றார் ரெமிஜியஸ். வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 27

ஹோட்டலில் மாட்டிப் பார்த்தோம். வடிவம் அச்சு அசல் காய்தான். ப்ரஹ்லாத் அதன் கீழே அரிசிமாவில் தட்டிய அக்கி ரொட்டியும் அவரேகாய் சாறு என்கிற குழம்பும் வைக்கச் சொன்னார். நான் மட்டும் பிரமாதம் என்றேன். சமையல்காரர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் ரெமிஜியஸ் கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. ரொட்டி பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சு. சாறு சாக்கடை கலரு. உங்களுக்குத் தெரியலயா?"

வோல்டேஜ் பிரச்சினை என்றேன். வோல்டேஜாம். எனக்கே கேட்கக் கூசியது.

டிசம்பர் 28

பச்சைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் பச்சையாகத்தானே விழும்? கண்ணாடியின் நிறத்தைக் கேட்டேன், ரொட்டியின் நிறத்தைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் விளக்கு போட்டு என்னடா கிழிச்சே நீ?

டிசம்பர் 30

ரெமிஜியஸிடம் சொல்லிவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணாடியை வெட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ எதைப் பாத்து அந்த ஷேப் புடிச்சீங்க?"

மேடு, பள்ளம், வெளிச்சம், நிழல் என்றேன்.

"அதைப் பாருங்க. கலரை நான் பாத்துக்கறேன். ஆனா ப்ரஹ்லாத் கிட்ட நீங்கதான் சொல்லணும்."

பயமாக இருக்கிறது.

ஜனவரி 1

சஹானா எப்போதும் உரித்த விதையைத்தான் வாங்குவாள். இன்று நான் காயாகவே வாங்கி வந்து உரிக்க உட்கார்ந்தேன். முதல் காயைப் பிளந்ததும் கை நின்றுவிட்டது. உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எவ்வளவு வெளிச்சம்! என்ன நிறம் என்று கேட்டேன். கிட்டத்தட்ட வெள்ளை என்றாள் சஹானா, குப்பைக்குப் போவதை யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்டாள். அன்றைக்கு நாள் முழுக்கப் பார்த்தவன் ஒரு காயையாவது பிளந்து பார்த்தேனா?

ஜனவரி 2

ப்ரஹ்லாத்திடம் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புது வரைபடத்தை நீட்டினேன். பிளந்த காய் கவிழ்ந்து தொங்கும். வெளியே பச்சை பூசிய தகடு, உள்ளே வெள்ளை, விதைகள் பால்நிறக் கண்ணாடி. கீழே விழுவது வெள்ளை வெளிச்சம் மட்டும்.

அவருக்குக் கோபம்தான். "முதல்லயே சொல்லிருக்கலாமே சார்" என்றார். படத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை மாட்டுவோம். சாப்பாடு நல்லா தெரியலன்னா கழட்டிடுவேன்."

ஜனவரி 8

தகட்டுக்கு எந்தப் பச்சை என்று சஹானாவுக்கும் ரெமிஜியஸுக்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் சண்டை. எனக்கு இரண்டும் ஒன்று. டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

திறப்பு. கழற்றவில்லை. மக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். விளக்குக்கு அது போதும்.

பிப்ரவரி 6

பசவனகுடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஹோட்டலில் பார்த்தாராம்; வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு பலாச்சுளை மாதிரி விளக்கு வேண்டுமாம். எனக்கு நிறம் சரியாகத் தெரியாது, வடிவம் நான், நிறம் ரெமிஜியஸ் என்று முதலிலேயே சொன்னேன். அந்த அம்மா, சரி, மேஜையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவீர்கள் என்று கேட்டார்.