தேரை உட்கார்ந்த காய்

அக்டோபர் 21, திங்கள்

ராத்திரி நல்ல மழை. காலையில் தேங்காய் குடோனைத் திறந்தால், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு கை அளவு வெள்ளை நுரை.

"ஏட்டி முனீஸ்வரி, இங்க வச்சா துணி துவைச்சே?" என்று கத்தினேன்.

மட்டை உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். "யக்கா, அது தேரை முட்டை. எடுத்து எறிஞ்சிருதேன். தேரை மோந்தா காய் வத்திரும்லா."

முட்டையிட்ட புண்ணியவதி காய்க்குவியல் மேல் காலை மடக்கித் தூங்குகிறாள். போனில் தேடினேன். பின்னங்காலால் கடைந்து கடைந்து நுரையாக்குமாம். நாலைந்து நாளில் முட்டை பொரிந்து, குஞ்சு நேரே தண்ணீரில் விழுமாம். அதனால்தான் தொட்டிக்கு மேலே! இடம் பார்த்துக் கடை போடும் புத்தி. எனக்குத் தெரிந்த புத்திதான். இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

வம்பு. ராஜபாளையம் வைகுண்டராஜ் அண்ணாச்சி வெள்ளிக்கிழமை காய் பார்க்க வருகிறாராம். மாலை போடும் சாமிகளுக்கு நெய்த்தேங்காய், சீசன் முழுக்க. தேரையைக் கண்டால் படியேறாமலே திரும்பிவிடுவார். முனீஸ்வரி விளக்குமாறோடு நிற்கிறாள். சீசனா, நுரையா? — ஒரு வியாபாரி கேட்கிற கேள்வியா இது!

அக்டோபர் 24, வியாழன்

நுரைக்குள் ஏதோ நெளிகிறது. விளக்குமாற்றை ஒளித்து வைத்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

நல்ல காய்களை வாசலிலேயே பரப்பி வைத்தேன். அண்ணாச்சி கை கழுவ நேரே தொட்டிக்கே போய்விட்டார்.

"ஏ தங்கச்சி, தேரைய வளத்துக்கிட்டா சாமிக்குக் காய் விக்கே?"

என்ன தைரியமோ, "அது உக்காந்திருக்க காயவே உடைங்க அண்ணாச்சி. வத்தலா இருந்தா ஒரு காய் கூட எடுக்க வேண்டாம்" என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாலு நாளாக அதே காய்! தேரை மோந்த கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரிதானே நானும்?

தேரையை நான் நகர்த்த, அவர் அரிவாள் முதுகால் ஒரே போடு. தண்ணீர் பீறிட்டு அவர் வெள்ளைச் சட்டைக்கு அபிஷேகம்! உள்ளே பருப்பு கெட்டியாக, பால் மாதிரி. ஒரு துண்டு தின்று பார்த்தார். "லோடு ஏத்து. அது மட்டும் வண்டியில ஏறிராமப் பாத்துக்கோ."

அக்டோபர் 26, சனி

மழை. தலைப்பிரட்டைகள் பொத் பொத்தென்று தொட்டியில். எம்புட்டு!

டிசம்பர் 15, ஞாயிறு

நகமளவு தேரைக்குஞ்சு ஒன்று, குட்டை வாலோடு, இன்று காய்க்குவியல் ஏறிவிட்டது. தொட்டி கழுவ ஆள் வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரி விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு போனாள்.

"கிட்ட வந்தே, தெரியும்! எங்க பிள்ளையளுக்கு இன்னும் வாலு உதிரல."