தவறணையில் ஆறு அறைகள்

2007 ஏப்ரல் 9, திங்கள்

மழையும் பனியும் கலந்து. எனக்கு லீவு. காலை ஆறு மணிக்கு மொன்ட்ரியால்-நோரிலிருந்து புறப்பாடு, எங்கள் வான் வண்டியில் ஒன்றரை மணித்தியாலம். வழி முழுக்க அன்ரனின் கவனம் பின்னால் ஏற்றிய பலகைகளில். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் என்னை இவ்வளவு கவனமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்லை.

கிராமத்தில் நாங்கள் வாங்கிய பழைய தவறணைக்குள் வெளியைவிடக் குளிர். பூட்டி ஆறு வருடமாகியும் பியர் மணம் போகவில்லை. சுவரெல்லாம் சிகரெட் புகையின் மஞ்சள். மூன்று தரம் கழுவினேன். மூன்றாவது வாளியும் தேத்தண்ணீர் நிறம்.

செய்ய வேண்டியவை:
– மேல்மாடி நான்கு அறைக்கும் பெயின்ற்
– கீழே குடிக்கிற மண்டபத்தை மறித்து இரண்டு அறை
– புகை வந்தால் கத்துகிற மணி, அறைக்கு ஒன்று
– மலசலகூடம்!!

கட்டடம் முழுவதிலும் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் இல்லை. ஆண்கள் வரிசையாக நின்று போக நீளமான தகரத் தொட்டி ஒன்று, அவ்வளவுதான். காரணத்தைக் குழாய் வேலைக்கு வந்தவர் சொன்னார். முன்பு தவறணைக்குள் பெண்களை விடமாட்டார்களாம். சட்டமே அப்படியாம். இங்கே, கனடாவில்! சட்டம் மாறிய பிறகும் இந்தக் கிராமத்துப் பெண்கள் வரவில்லையாம்.

அன்ரன்: "பாரும், முதல் பொம்பிளை நீர்தான்."

"ஓம், கூட்டுற தும்புத்தடியோட."

ஏப்ரல் 12, வியாழன்

வேலை. டவுன்டவுன் ஹோட்டலில் இன்று பதினாறு அறை. இடுப்பு நோ. பதினான்கு வருடமாக மற்றவர்கள் படுத்தெழும்பிய கட்டில்களை விரிக்கிறேன். ஒரு அறை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். படுத்தபடியே எட்டுகிற இடத்தில் லைற் சுவிச். ஈரத் துவாய்க்கு இரண்டு கொளுவி. பெட்டி வைக்க உயரமாக ஓரிடம், நிலத்தில் அல்ல. எழுதி அன்ரனிடம் கொடுத்தேன். "சரி, முதலாளியம்மா" என்றார்.

திறந்தால் காலைச் சாப்பாடு அவர், அறைகள் நான். அவர் றெஸ்ரோரன்ற் குசினியை விட்டு வரவேண்டும், நான் ஹோட்டலை விட வேண்டும். இரண்டு பேரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரவுக்குப் புட்டு, நேற்றைய மீன்குழம்பு.

ஏப்ரல் 17, செவ்வாய்

கிராம சபையிலிருந்து கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். தவறணையை விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் இடமாக மாற்ற அனுமதி கேட்டிருந்தோம். பதினொரு பேர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்திருக்கிறார்கள். மே 7 கூட்டத்தில் முடிவு. கையெழுத்துகளின் பிரதியும் கூடவே.

"எங்களைத்தான் வேண்டாமெண்டு சொல்லுறாங்கள். உமக்கு விளங்கேல்லையோ?" என்றார் அன்ரன்.

"தவறணை திரும்பத் திறக்க வேணுமாம். அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு."

"ரெண்டும் ஒண்டுதான். வித்துப்போட்டுப் பேசாமல் இருப்பம்."

சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். பருப்பையும் சோற்றையும் மூடி ஃபிறிட்ஜில் வைத்தேன். எனக்கும் இறங்கவில்லை. இது போனால் எங்கள் வயதுக்கு இன்னொன்று தொடங்க மாட்டோம். நான் அறுபத்தைந்து வயது வரைக்கும் ஹோட்டல் கட்டிலை விரிக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 22, ஞாயிறு

நல்ல வெயில். பூசை முடிந்ததும், என்னைக் கிராமத்தில் கொண்டுபோய் விடுங்கோ என்றேன். கொண்டுபோய் விட்டார். வானைவிட்டு இறங்கவில்லை. நான் பெயர்களை வைத்துக்கொண்டு வீடு வீடாக.

என் பிரெஞ்சில் இறந்தகாலம் இல்லை. எல்லாம் இப்போதே நடக்கிறது. ஆனாலும் ஆறு வீடுகளில் நின்று கேட்டார்கள்.

"ஏரியில மீன் பிடிக்க வாறவை விடிய விடியச் சத்தம் போடுவினம்."

"குளிர்காலத்தில நாங்கள் எங்க போய் இருக்கிறது?"

"உங்கட சாப்பாடு நல்லா உறைக்குமோ?"

ஒரு கிழவர், காலையில் வந்து கோப்பி குடிக்கலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். என் பேனையை வாங்கித் தன் பெயரை வெட்டினார்!

கடைசி வீடு தவறணைக்கு நேர் எதிரே. மதாம் தெரேஸ். எழுபத்தைந்து வயதிருக்கும். பட்டியலில் முதல் கையெழுத்து அவருடையது. உங்களுக்கும் தவறணை திறக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"திறக்கவோ? அதை இடிக்க வேணும். நீங்கள் கட்டிலைப் போட்டால் இன்னும் ஐம்பது வருசம் நிக்கும். அதுதான் கையெழுத்து வைச்சனான்."

புருஷன் செத்து ஒன்பது வருடம். அதற்கு முன் முப்பத்தைந்து வருடம், மரம் அரிகிற ஆலையில் வேலை முடிந்ததும் நேரே தவறணை. எட்டு மணிக்குத்தான் வீடு. தெரேஸ் ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

"இப்ப வந்து பாருங்கோ" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் கவுண்டரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நேரே சன்னலடி. புருஷன் இருக்கிற மேசை அங்கேதான் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். மேசைகளை எப்போதோ எடுத்தாயிற்று. வெறும் நிலத்தில் நின்றார். நெடுநேரம்.

"என்ர குசினி தெரியுது."

நானும் பார்த்தேன். உண்மைதான். தண்ணீர்க் குழாய், திரைச்சீலை, அடுப்பில் கேத்தில், எல்லாமே தெரிந்தன.

"நான் சமைக்கிறதை, தனியச் சாப்பிடுறதை, எல்லாத்தையும் மனிசன் இதில இருந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு வீதியைக் கடந்து வர ஏலாமப் போச்சு."

அழவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். இதில் என்ன வரப்போகிறது என்று கேட்டார். ஒரு படுக்கையறை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வானில் அன்ரன்: "என்னவாம்?" சொன்னேன். பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "விக்கிற கதையைப் பேந்து பாப்பம்" என்றார்.

ஏப்ரல் 29, ஞாயிறு

தகரத் தொட்டியைக் கழற்றியாயிற்று. மூன்று பேர் தூக்கினார்கள். பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அனுமதி வராவிட்டால் இந்த வேலையெல்லாம் யாருக்கு?

தெரேஸ் வீட்டுத் திரைச்சீலை மூடியபடி. போய்த் தட்டவில்லை.

வாங்க: பிளீச், கையுறை, செபஸ்தியான் சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் மட்டை.

மே 7, திங்கள்

கூட்டம். அரைநாள் லீவு. தலைவர், உங்களில் யார் பேசுவது என்று கேட்டார். அன்ரன் முழங்கையால் இடித்தார். "நீர் கதையும்."

எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். அறை ஆறு. பத்து மணிக்குப் பிறகு சத்தமில்லை. கார்கள் பின்பக்கம். கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன்.

ஒரு மனிதர் எழும்பி நல்ல பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். எனக்கு விளங்கியது இவ்வளவு: தவறணை ஊர் முழுவதற்கும் ஒரு ஞாபகம், அதைப் பிறத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது.

பின்வரிசையில் தெரேஸ் எழும்பினார். "ஆரின்ர ஞாபகம், கஸ்ரோன்? ஊரில பாதிப்பேர் அதுக்குள்ள காலே வைக்கேல்லை." திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். அவ்வளவுதான். முதலில் ஒரு பெண் சிரித்தார். பிறகு பெண்கள் எல்லோரும்.

சபையில் வாக்கு நான்குக்கு இரண்டு. கிடைத்துவிட்டது! மேசைக்குக் கீழே அன்ரன் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தி விரல் வீங்கிவிட்டது.

வாசலில் தெரேஸுக்கு மெர்சி சொன்னேன்.

"உங்களுக்காகச் சொல்லேல்லை" என்றார்.

ஜூலை 13, வெள்ளி

வெக்கை. மேற்பார்வையாளரிடம் வேலையை விடும் கடிதம் கொடுத்தேன். "எந்த ஹோட்டல் கூப்பிட்டது, ஸ்ரெல்லா?" ஒன்றுமில்லை, என்னுடைய அறைகளுக்குப் போகிறேன் என்றேன். நான் ஏதோ பிழையான பிரெஞ்சு பேசுகிறேன் என்று நினைத்து ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டார்.

பேருந்தில் வரும்போது பயம். நல்ல பயம்.

ஓகஸ்ட் 4, சனி

திறந்தாயிற்று. கட்டில்கள் விரித்தபடி, தொலைபேசிதான் அடிக்கவில்லை. புரோசார்ட்டிலிருந்து வருவதாக இருந்த குடும்பம் அடுத்த கிழமையாம். அன்ரன் ஒரே கவுண்டரை நாலாம் தரம் துடைத்தார்.

நான்கு மணிக்குக் கதவில் தட்டு. தெரேஸ். தலையில் தொப்பி, கையில் சின்னப் பெட்டி.

அன்ரன் தமிழில், மெல்ல: "எதிர்வீட்டு மனிசி ஏன் பெட்டியோட நிக்குது?"

"ஒரு இரவுக்கு அறை இருக்கோ?"

கீழேயுள்ள சன்னலோர அறையைக் காட்டப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"மேல. ஏரிப் பக்கம்."

பெட்டியை நான் தூக்கினேன். ஒரு பாரமும் இல்லை.

ஓகஸ்ட் 5, ஞாயிறு

ஒன்பது மணிக்குத்தான் இறங்கி வந்தார். பச்சைமிளகாய் போட்ட முட்டைப் பொரியல். மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். மிச்சம் வைக்கவில்லை.

"நித்திரை கொண்டீங்களோ?"

"எங்க! தவளைச் சத்தம். கட்டிலும் புதுசு." வாயைத் துடைத்தார். "ஒரு இரவெண்டுதானே சொன்னனான். இன்னொண்டு இருக்கோ?"

"ஆறு அறையும் இருக்கு, மதாம்."

"பூனை பட்டினி கிடக்கும்."

வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து அன்ரன் முன்னால் வைத்தார். அன்ரன் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அன்ரன் வீதியைக் கடந்து போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், புறங்கையில் நீளமாக ஒரு பூனைக் கீறல். மருந்துப் பெட்டி வானுக்குள். எடுக்கப் போனேன்.