நல்லெண்ணெய் பூசிய சோக்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். போய்விட்டீர்கள் என்பதற்காகப் பெயரைப் போட்டு எழுதக் கை வரவில்லை. மற்றவர்கள் வாசித்தாலும் பரவாயில்லை, வாசிக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சொந்தமெல்லாம் குட்மேய்ஸ் வீட்டை விட்டுப் போன பிறகு உங்கள் இரும்பு அலுமாரியைத் திறந்தேன். இரட்டைக் குழல் துவக்கு நீங்கள் வைத்தபடியே இருந்தது. உங்கள் லைசன்ஸைப் பொலிசுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. இப்போது துவக்கு என் லைசன்ஸில்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிதன் லண்டனில் துவக்கு வாங்கியதை ஆர்தான் நக்கலடிக்கவில்லை? நானும் முதல் வருடம் முழுக்க நீங்கள் சுடப் போகும் எசெக்ஸ் மைதானத்தில் காரை விட்டு இறங்கவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஒரு ஞாயிறு நீங்கள் வந்து கண்ணாடியில் தட்டினீர்கள்.

"இறங்கி வாரும். இது பறக்கிற மண்தட்டுக்குச் சுடுற வெடி. ஒருத்தரும் சாகேல்லை எண்டு கண்ணால பாரும்."

அதற்காகத்தான் இறங்கினேன். சாவில்லாத வெடியும் உலகத்தில் உண்டு என்று என் காதுக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. அதை விளங்க வைத்தது நீங்கள்.

ஒரே துவக்கில் மாறி மாறிச் சுட்டோம். ஆனால் சோக் உங்கள் பொறுப்பு. தோட்டாவிலிருந்து பாயும் சன்னங்கள் கண்டபடி சிதறாமல் ஒடுக்குவதற்குக் குழல் வாயில் திருகிப் பூட்டும் அந்தச் சின்னக் குழாயை என்னைத் தொடவே விடமாட்டீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிய என் இடப்பக்கம் நின்று கை நீட்டுவீர்கள், துவக்குப் பையிலிருக்கும் திருகுசாவியை எடுத்துத் தருவது மட்டும்தான் என் வேலை. வீட்டுக்கு வந்ததும் சோக்கைக் கழற்றி, திருகுப் புரியில் படிந்த கரியைத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் பூசிப் பூட்டுவீர்கள். இளகியிருந்தால் சன்னம் விளிம்பில் பட்டுக் குழலே வீங்கிவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! அந்தக் கவனத்தில் பாதியைக் குசினியில் ஒழுகிய பைப்புக்குக் காட்டினால் என்ன என்று நான் கேட்டால் மட்டும் காது கேளாது.

கடைசி முறை கிரீஸ் முடிந்திருந்தது. என்ன செய்தீர்கள்? என் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். தலைக்கும் மூட்டுக்கும் நல்லது, இரும்புக்கு மட்டும் கூடாதா என்று ஒரு நியாயம் வேறு. எங்கள் சனத்தைத் தவிர வேறு ஆர் இந்த வேலை பார்ப்பார்கள்? நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அடுத்த கிழமை ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு நீங்கள் அலுமாரியைத் திறக்கவில்லை.

இப்போது நான் கழற்றிப் பார்த்தபோது மேல் குழல் சோக் லேசாகக் கழன்றது. கீழ்க் குழலில் இருந்தது அசையவே இல்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிடித்துவிட்டது. துவக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வெள்ளைக்காரர் மணந்து பார்த்து, சமையல் எண்ணெயா என்று கேட்டார். வெட்கத்தோடு ஓம் என்றேன். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பார்க்கலாம், பலவந்தம் பண்ணக் கூடாது, கஷ்டமென்றால் துவக்கைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"குடுத்திடுங்கோ அம்மா," என்றாள் கூட வந்த மகள். "அப்பா இல்லாமல் உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

அவள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் கொடுத்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் அதோடு போய்விடும். வைத்திருந்தால் அந்தச் சோக்கைக் கழற்றியாக வேண்டும். அது உங்கள் கை கடைசியாக இறுக்கிய இறுக்கு. அதை எப்படிக் குலைப்பேன்? விசர் என்பீர்கள். ஓம், விசர்தான்.

ஆனாலும் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்தேன். ஒரு காலை, குழலை மட்டும் தனியாகக் கழற்றிக் குசினி மேசையில் துவாய் விரித்து வைத்தேன். மறுபடி புத்தி சொல்ல வந்த மகள் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் சாவியைப் போட்டு மெல்ல அங்கும் இங்கும் அசைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகி, வந்துவிட்டது. காறிய நல்லெண்ணெய் மணம் குசினி முழுக்க.

செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அவர் இறுக்கினதை நான் கழற்றிப்போட்டேனே என்று புலம்பினேன். மகள் என் முதுகைத் தடவினாள்.

"அம்மா, அப்பா திரும்பி வந்து கழட்டலாம் எண்டுதானே பூட்டினவர். கழட்டுறதுக்குத்தானே அது."

இவ்வளவு வாய் இவளுக்கு எங்கிருந்து வந்தது? உங்களிடமிருந்துதான்.

புரிகளைப் பிரஷால் தேய்த்துத் துடைத்தோம். கடைக்காரர் தந்த கிரீஸை மெல்லிசாகப் பூசி, விரலால் திருகி, முடிவில் சாவியால் சின்னதாக ஓர் இறுக்கு. அவ்வளவுதான். இத்தனை வருடம் இதற்கா அத்தனை ஆரவாரம்?

போன ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். மகள் காரை விட்டு இறங்கவில்லை. அவளைக் குறை சொல்ல நான் ஆர்? சில தட்டுகள் உடைந்தன, பல தப்பிப் பறந்தன. சுற்று முடிந்ததும் துவக்கை மடித்து, இரண்டு குழலும் வெறுமை என்று பார்த்தேன். சோக்கைத் தொட்டால் கீழ்க் குழலில் இருந்தது ஒரு மயிரிழை இளகியிருந்தது. பையில் இருந்த சாவியை எடுத்து, தலையைத் திருப்பாமலே இடப்பக்கம் நீட்டினேன்.

கை வலிக்கும்வரை நீட்டியபடி நின்றேன். ஒருவரும் வாங்கவில்லை.

பிறகு நானே இறுக்கினேன். இனி ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து கழற்றித் துடைப்பேன், ஒரு நாளும் இறுகிப்போக விடமாட்டேன். இது சத்தியம். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ.

சாவியை இனித் தன் பையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் மனுசி