மில் பஸ்ஸில் இயந்திரப் பெண்

ஐப்பசி, செவ்வாய் இரவு

வேடசந்தூர் மில்லிலிருந்து வேலை முடிந்து திரும்பும்போது மில் பஸ் டிரைவர் வண்டி டிவியில் ஒரு விண்கலத் தொடரைப் போட்டார். சின்ன வயதில் டிவியில் பார்த்த கதையையே புதிதாக எடுத்திருக்கிறார்கள். பழையதில் அந்த இயந்திரப் பெண் கேப்டனுக்குச் சோறு பரிமாறுவாள், அவன் அடித்தால் தலையைக் குனிந்துகொள்வாள். இன்று அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கிவிட்டாள்.

பெண்கள் எல்லோரும் கைதட்டினோம். பின்சீட்டு ஆண்கள், "கதையவே கெடுத்துட்டானுங்க, நிப்பாட்டுய்யா" என்று கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்த பாப்பாத்திதான் பலமாகத் தட்டினாள். அவள் புருஷனும் எங்கள் மில்தான். பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

"எதுக்குடி தட்டுன?"

கேட்டுக்கொண்டே அவள் முடியைப் பிடித்து, முகத்தை முன்சீட்டுக் கம்பியில் மோதினான். மறுபடி மோதுவதற்குள் என் தூக்குச்சட்டியால் அவன் மண்டையில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. டிரைவர் டிவியை அணைத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். பாப்பாத்தி அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சட்டியைக் கழுவிவிட்டேன். மூடி பொருந்தவில்லை. நாளைக்கும் அதே பஸ்தான்.

சற்றுமுன் பாப்பாத்தி போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. அவனுக்கு மண்டையில் தையலாம். மாத்திரை போட்டுவிட்டுப் பக்கத்தில்தான் தூங்குகிறானாம்.

"யக்கா, மிச்சக் கதயப் பாத்தியா? அவளக் கொன்னுட்டாங்களா?"

நான் பார்க்கவில்லை; அப்புறம் டிவியைப் போடவே இல்லை.

"இல்லடி. கேப்டன்தான் செத்தான்" என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"எப்பிடிக்கா?"