அம்மா, அப்பா இப்ப தொள்ளாயிரம்!

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாலுவின் போனை சார்ஜரிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, ஜன்னலோரம் வைத்தேன். பல் துலக்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். எட்டு மணிக்கு முன்னால் அது முழுசாக சார்ஜ் ஏறி இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. போனில் கேட்டால் பதிலுக்கு ஒரு விமான வேகத்தை எண்ணாக அனுப்புகிறீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு உடனே பதில் போட முடியாது அல்லவா, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கமும் இடது லென்ஸை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கி, தடுமாறி, திரும்பி வந்தார். முதலாளி லென்ஸை மாற்றி மாட்டிக் கொடுத்தார். அவர் போன பிறகு, "என்னம்மா, பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச கைக்கு இடது வலது தெரியலையா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அதிலிருந்து அவர் என்னைக் கேலி செய்வதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள்தான் முதலில் என்னை பி.எஸ்சி. என்று கூப்பிட்டது. "ஏய் பி.எஸ்சி., இந்த ஃபேன் ஏன் சத்தம் போடுது, படிச்சவதானே, சொல்லு." லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஏதாவது சொல்வேன். இப்போதும் பி.எஸ்சி. என்றுதான் செய்தி அனுப்புகிறீர்கள். ஆனால் கேள்வி வேறாகிவிட்டது. "பி.எஸ்சி., ரெண்டாயிரத்து நூறுல பறந்த ஏரோப்ளேன் இருந்துச்சாமே? அதை ஏன் நிறுத்தினானுங்க?" "பி.எஸ்சி., அன்னைக்கு நான் வந்த ப்ளேன் ஸ்கிரீன்ல ஆயிரத்து இருபது காட்டுச்சு, அப்புறம் எண்ணூத்தி எழுபதுக்கு எறக்கிட்டான். ஏன் எறக்கினான்? கேக்க ஆளில்லையா?" விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள்.

இந்த ஒரு வருஷத்தில் நான் எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தத் திரையில் தெரிவது தரையை வைத்துக் கணக்கிடுகிற வேகம். விமானம் காற்றுக்குள் போகிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம். அவ்வளவு உயரத்தில் காற்றே ஓர் ஆறு மாதிரி ஓடுகிறது, மேற்கிலிருந்து கிழக்காக. அந்த ஆற்றோடு நீங்கள் வந்தபோது ஆயிரத்து இருபது. பாதை தெற்கே திரும்பி அந்த ஆற்றை விட்டு வெளியே வந்ததும் எண்ணூற்று எழுபது. ஓட்டியவர் கையை எடுக்கவில்லை. காற்றுதான் கையை எடுத்துவிட்டது.

இதற்கு மேல் வேகமாகப் போகவும் முடியாது. அந்த உயரத்தில் சத்தத்தின் வேகமே ஆயிரத்து அறுபதுக்குப் பக்கம்தான். அதை நெருங்கினால் இறக்கைக்கு மேலே காற்று திமிற ஆரம்பிக்கும், விமானத்தைப் பின்னால் இழுக்கும். அதனால்தான் நம் அப்பாக்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலும் இதே வேகம், இன்றும் இதே வேகம். உலகத்தில் எல்லாம் வேகமாகிவிட்டது, இது மட்டும் அங்கேயே நிற்கிறது. நீங்கள் சொல்கிற அந்தக் கூர்மூக்கு விமானம் சத்தத்தைத் தாண்டிப் பறந்தது உண்மைதான். ஆனால் கீழே வீடுகள் அதிரும் என்று கடலுக்கு மேல் மட்டும்தான் முழு வேகத்தில் விட்டார்கள். அது நீங்கள் இருக்கிற ஊருக்கும் வராது, நம் ஊருக்கும் வராது. இருந்தபோதே வந்ததில்லை.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வேகமா போகச் சொல்லும்மா, என் பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா" என்று கேட்டீர்களாம். அவள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "முடிஞ்ச வேகத்துலதான் போறாங்க சார்" என்று சொன்னாளாம். அதைப் பொய் என்று இன்னும் நினைக்கிறீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மன்னித்துவிடுங்கள். இறங்கும் வரைக்கும் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தானே.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாலு போனில் உங்கள் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் அல்லவா? கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகப் படிப்பாள். "அம்மா, அப்பா இப்ப தொள்ளாயிரம்! அம்மா, அப்பா கடல் தாண்டியாச்சு, நீ இன்னும் தலைகூட வாரல!" அவளுக்குப் பயந்து நான் வீடு பெருக்குவேன். அந்த முறையும் உங்கள் வேகத்தை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தீவிர சிகிச்சை அறையில் அவளுக்குக் கண் திறக்கவில்லை. காது கேட்கலாம், பேசிக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறியவர்களுக்கும் காது கடைசி வரை விழித்திருக்குமாம். அதனால் அவள் போனை எடுத்துக்கொண்டு நானும் படித்தேன். "வாலு, அப்பா ஏறிட்டார். வாலு, அப்பா தொள்ளாயிரத்து எண்பது. வாலு, ஆயிரத்தைத் தாண்டிட்டாருடி." அந்த அறையில் சிக்னல் வராது. ஒவ்வொரு முறையும் கீழே வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு மேலே போய்ச் சொல்வேன்.

விடியும் நேரம் அது. வாசலில் ஒருவர் காலை பேப்பர்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். திரையில் எண்ணூற்று எழுபது வந்தது. ஏன் குறைந்தது என்று நானும் உங்களைப் போலத்தான் பதறினேன். அங்கேயே நின்று, காற்றாகத்தான் இருக்கும் என்று யோசித்துப் புரிந்துகொண்டேன். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியம் சேர்த்துக்கொண்டு லிஃப்டுக்கு வந்தேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. கதவு ஒரு தடவை மூடி, மறுபடி திறந்தது. லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டி, அதன் முன்னால் பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றேன். மேலே போனபோது கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான்மா, இப்பத்தான்" என்றாள்.

இரண்டு மாடி. நான் இருந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு எந்த விமானத்தில் வந்திருப்பேன், சொல்லுங்கள். இதை ஒரு குற்றமாக நினைத்து எழுதவில்லை. நீங்கள் தொள்ளாயிரத்தில் வந்தீர்கள், நான் படிக்கட்டு தூரத்தில் நின்றேன். இரண்டு பேருமே போய்ச் சேரவில்லை. இத்தனை நாளும் வராமல் போனவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு அங்கே தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது போன் விஷயம். அந்த விமானம் தினமும் வருகிறது, அதே எண், அதே நேரம். அது இறங்கியதும் போன் ஒலிக்கிற மாதிரி அவள் ஓர் அறிவிப்பு வைத்திருந்தாள். மணிச் சத்தம் இல்லை, அவளே பேசிப் பதிவு செய்தது. தினமும் காலை எட்டு மணி வாக்கில் ஜன்னலோரத்திலிருந்து அவள் குரல் வரும். "அம்மா, அப்பா எறங்கியாச்சு! எந்திரி, எந்திரி!" அன்றைக்கும் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், என் மடியில். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதை நிறுத்த எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது உங்களால், கேட்கவும் முடியாது.

இனி விமானத்தில் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். "வீட்டைப் பூட்டிட்டு நீ இங்க வா, இல்லன்னா விடு" என்று ஒருமுறை எழுதினீர்கள். அந்த 'விடு' என்ற சொல்லை நான் பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அது கோபத்தில் எழுதிய சொல்லாகத் தெரியவில்லை. கையில் பிடித்திருந்த எல்லாவற்றையும் கீழே போட்டுக்கொண்டு வருகிற ஆள் எழுதியது மாதிரி இருந்தது. நான்தான் மிச்சம்.

பீரோவில் என் பாஸ்போர்ட்டும் அவள் பாஸ்போர்ட்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. லீவுக்கு உங்களிடம் வருவதற்காக எடுத்தது. இரண்டிலும் ஒரு முத்திரைகூட விழவில்லை. நீங்கள் அனுப்பிய விசா இன்னும் காலாவதியாகவில்லை.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலாளியிடம் இல்லை, என் அக்காவிடம் இல்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலையில் வந்து இறங்கி மத்தியானம் உங்கள் ஊருக்குத் திரும்புகிறதே, அதே விமானம். அதில் வருகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தமாக வருகிறேனா, உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறேனா என்று எனக்கே தெரியாது. வருகிறேன் என்பது மட்டும் நிச்சயம். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளும் பறந்ததில்லை. உள்ளே உட்கார்ந்தால் வேகமே தெரியாது, டம்ளரில் தண்ணிகூட அசையாது என்று அவளிடம் சொல்வீர்களே, அதை நம்பித்தான் ஏறுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். அன்று உங்கள் போனில் என் விமானத்தைப் பாருங்கள். இந்தப் பக்கமிருந்து வரும்போது காற்று எதிரில் இருக்கும். எண்ணூறைத் தாண்டாது, சில நேரம் அதற்கும் கீழே போகும், நேரமாகும். அதற்காக யாரையும் திட்டாதீர்கள். அந்த எண்ணை மட்டும் அவள் படித்த மாதிரி சத்தமாகப் படியுங்கள். அறையில் இருப்பவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். நான் வருகிற வேகத்தையும் யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும் அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மெதுவாக வந்துகொண்டிருக்கும்,
உங்கள் பி.எஸ்சி.